எழுந்து நடக்கும் பிணம் பிறந்த கதை

கம்பைநல்லூரிலிருந்து அரூர்ப் பக்கம் போனாலும் ஊத்தங்கரைப் பக்கம் போனாலும் வேடியப்பன் சாமியைப் பார்க்காமல் வர முடியாது. பல இடங்களில் அந்தப் பெயரில் பொங்கல் வாங்குவது ஒரு நடுகல்தான். வில்லோ வாளோ ஏந்திய ஓர் ஆள், உடம்பில் தைத்த அம்புகள், பழைய கல்லாக இருந்தால் வட்டெழுத்தில் சில வரிகள். செய்தி பெரும்பாலும் ஒன்றுதான். ஊர் மாட்டை எவனோ ஓட்டிக்கொண்டு போனான், மீட்கப் போனவன் செத்தான். செத்தவனை ஊர் போகவிடவில்லை. கல்லில் இருத்தி, காவல் வேலையையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டது.

செத்தும் போகாமல் இருப்பவர்களை இப்படிப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மேற்கத்திய கற்பனை விளையாட்டுகளில் வரும் எலும்புக்கூட்டுப் படைகள் விசித்திரமாகத்தான் தெரியும். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகை ஆட்டங்களைச் சொல்கிறேன். அங்கே எழுந்து நடக்கும் பிணம் என்றாலே தீமை. அதைக் கண்டால் வெட்டலாம், எரிக்கலாம், கேள்வி கிடையாது. இந்தத் தீர்ப்பு எங்கே பிறந்தது?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில், 1970-களின் தொடக்கத்தில் டேவ் ஆர்னசன் தன் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். ஆடியவர்களில் ஒருவரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறியது. சர் ஃபாங் என்று பெயர். நாளாக நாளாக யாராலும் தடுக்க முடியாத அளவுக்குப் பலம் ஏறிவிட்டது. ஆட்டம் கெட்டுப்போகும் நிலை. அவனை அடக்க ஒரு புதுப் பாத்திரம் வேண்டியிருந்தது. டிராகுலா படங்களில் சிலுவையைத் தூக்கிக் காட்டி ரத்தக்காட்டேரியைப் பின்வாங்கவைக்கும் வேட்டைக்காரரை மனத்தில் வைத்து ஒரு பாதிரியை உருவாக்கினார்கள். 'கிளெரிக்' பிறந்தது அப்படித்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் ஆர்னசனும் விளையாட்டை அச்சில் கொண்டுவந்தபோது, எலும்புக்கூட்டிலிருந்து ரத்தக்காட்டேரி வரை எட்டு வகைச் சாகாப் பிணங்களைக் கிளெரிக் விரட்டுவதற்கான பகடைக் கணக்கு ஓர் அட்டவணையாக உள்ளே இருந்தது.

ஒரே ஆட்டக்காரரின் பலத்தைக் குறைக்க வந்த விதி அது. ஆனால் விதி வந்துவிட்டால் அதற்குக் காரணம் கேட்பார்கள். புனிதச் சின்னத்தைக் கண்டு பிணம் ஏன் ஓடுகிறது? 1977, 1978 வாக்கில் கைகாக்ஸ் தம் விளையாட்டின் அண்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டார். உயிரூட்டும் ஆற்றலுக்கு ஓர் உலகம், உயிரை உறிஞ்சும் எதிர் ஆற்றலுக்கு இன்னோர் உலகம். சாகாப் பிணங்கள் அந்த இரண்டாவது உலகத்தோடு பிணைக்கப்பட்டன. அப்படியும் 1977-இல் வெளிவந்த பூத கணங்களின் புத்தகத்தில் எலும்புக்கூடும் ஸோம்பியும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, நடுநிலை என்றே இருந்தன. புத்தியே இல்லாததற்குப் பாவம் ஏது? 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பிணத்தை எழுப்பும் மந்திரத்துக்குத் தீயது என்று முத்திரை குத்தியது. 2003-இன் திருத்தப் பதிப்பு அதோடு நிற்காமல் எலும்புக்கூட்டையே தீயதாக்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மந்திரத்தைக் குற்றம் சொன்னது சரி. எலும்பு என்ன செய்தது?

ஸோம்பியின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது இன்னும் உறுத்தும். அது ஹைட்டியில் பிறந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்து விழுந்த நாடு. செத்தால் ஆன்மா மூதாதையரின் ஆப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலையும் ஒரு சூனியக்காரன் பறித்து, பிணத்தை எழுப்பித் திரும்பவும் வேலைக்கு ஓட்டினால்? அந்த மக்கள் ஸோம்பிக்கு அஞ்சியதைவிட, தாங்கள் ஸோம்பி ஆக்கப்படுவதற்கே அதிகம் அஞ்சினார்கள். அந்தக் கதையில் பிணம் பாதிக்கப்பட்டது, எழுப்பியவன் பாவி. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பிறகு எழுப்பியவன் காணாமல் போனான். கடிக்க வரும் கூட்டம் மட்டும் மிச்சமானது.

இறந்தவரை இங்கேயே இருத்திவைப்பது சரியா என்ற கேள்வியை எங்கள் மண்ணில் முதலில் கேட்டவர் ஔவையார் என்று நினைக்கிறேன். இன்றைய தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதன் தலைவன் அதியமான் இறந்தபின் அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். உயர்ந்த மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். நட்டவர்களின் அன்பில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நடப்பட்டவன் ஒப்புவானா என்பதுதான் அவர் கவலை. விளையாட்டுக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆற்றல், உலகம், நன்மை தீமை என்று எத்தனையோ வாதம் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது.

காரைக்கால் அம்மையார் பேய் வடிவத்தைத் தாமே கேட்டு வாங்கினார். அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து அவரை வணங்குகிறோம். எலும்பும் நரம்புமான அந்த உருவத்தைத் தீயது என்று இங்கே யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் விருப்பம் அவருடையது.

விளையாட்டு உலகத்திலும் ஒருவர் இதற்குப் பக்கத்தில் வந்தார். கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வெளியான 'எபரான்' உலகத்தில் எரினால் என்றொரு தீவு. அங்கே எல்ஃப் இனத்தார் தங்கள் சிறந்த மூதாதையரைச் சாகவிடாமல் காக்கிறார்கள். உயிரோடிருப்பவர்களின் பக்திதான் அந்த முன்னோரைத் தாங்குகிறது, அவர்கள் நாட்டுக்கு ஆலோசனை சொல்கிறார்கள், காவலும் இருக்கிறார்கள். அதே தீவில் வோல் என்ற குலம் எதிர் ஆற்றல் வழியில் சாவை வெல்லப் பார்த்தது. அது உயிரை உறிஞ்சும் வழி என்று மற்றவர்கள் அதை எதிர்த்தார்கள். பிணம் நடமாடுகிறதா என்பதை வைத்து அங்கே தீர்ப்பு இல்லை. அதை நடமாடவைப்பது யாருடைய உயிர், மனமுவந்து கொடுத்ததா, பிடுங்கியதா என்பதை வைத்துத்தான்.

தகடூர் நாட்டை வைத்து இந்த விளையாட்டுக்கு யாராவது ஓர் உலகம் எழுதினால் நன்றாக இருக்கும். அதில் செத்தவனை எழுப்ப மந்திரம் மட்டும் போதாது. தொல்காப்பியம் சொல்லும் முறைப்படி கல்லைத் தேடிக் காண வேண்டும், எடுத்துவர வேண்டும், நீராட்ட வேண்டும், நட வேண்டும், படையலிட வேண்டும், வாழ்த்த வேண்டும். எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல்லில் கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயும் இருக்கிறது, அதற்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கலாம். ஊர் படையலை நிறுத்தினால் காவலும் நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் இறந்தவனிடம் கேட்க வேண்டும், அந்தப் பகடையை அவனுக்காக உருட்ட வேண்டும். அவன் வேண்டாம் என்று சொன்னால் கல் வெறும் கல்லாகவே நிற்கும், ஊர் தன் மாட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.