கோஹோமா விவசாய உயர்தரப் பாடசாலை

நம் சங்கத்தின் கல்வி நிதிக்குப் பொருளுதவி புரியும் அன்பர்கள் சிலர், "பள்ளிக்கூடம் வைக்கச் சர்க்காரே சட்டம் செய்துவிட்ட பின்னர் நமக்கு அதில் என்ன வேலை?" என்று வினவுவதுண்டு. அவ்வினாவை மனத்திற் கொண்டே, கடல் கடந்த நாட்டிலுள்ள ஒரு பாடசாலையின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்தில் மிஸிஸிப்பி என்றொரு மாநிலமுண்டு. அதன் வடமேற்குப் பகுதி, பெருநதி கொணர்ந்த வண்டல் படிந்த பருத்தி நிலம். அந்நிலத்தில் உழைத்தவர்கள் பெரும்பாலும் 1865-ல் அடிமைத்தளை நீங்கிய கறுப்பு மக்களும் அவர்தம் சந்ததியாருமே. நிலமோ பிறருடையது, விளைவிற் பங்கு பெற்று, முன்கடன் கழித்து எஞ்சியதைக் கொண்டு அவர்கள் ஜீவித்தனர். நம் நாட்டு வாரக்குடிகளின் நிலையை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. களையெடுப்புக் காலத்தும் பஞ்செடுப்புக் காலத்தும் அவர்தம் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோம்.

1908-ல் அம்மாநிலச் சட்டசபை, கவுண்டி என்னும் ஜில்லாதோறும் விவசாய உயர்தரப் பாடசாலை அமைக்கலாம் என்று சட்டஞ் செய்தது. மாணாக்கர் விடுதியில் தங்கிப் படிப்பதோடு பண்ணையிலும் வேலை பழகுவர். ஆனால் அச்சட்டம் வெள்ளையர் பிள்ளைகளையே கருதிற்று. வரியோ இரு இனத்தார்மீதும் விழுந்தது. இது முறையன்றென வழக்கு எழுந்தது. 1909-ல் மாநில உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தது.

எனவே 1910-ல் சட்டத்தைத் திருத்தினர். வெள்ளையர்க்கு ஒன்று, கறுப்பர்க்கு ஒன்று என, ஒரு கவுண்டியில் இரண்டு பாடசாலைகள் வைக்கலாம் என்றாயிற்று. "வைக்கலாம்" என்ற அச்சொல்லை வாசகர்கள் கவனிப்பாராக. முதல் வகைப் பாடசாலைகள் விரைவில் எழுந்தன. இரண்டாம் வகையில் முதலாவது, கிளார்க்ஸ்டேல் நகரத்தை அடுத்துக் கோஹோமா கவுண்டியில் 1924-ல் தோன்றியது. சட்டத்திற்கும் பாடசாலைக்கும் இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். ஒரு பிள்ளை ஏடு தொடங்கி உயர்தரக் கல்வியை முடிக்கும் காலத்திற்கு அது குறைந்ததன்று.

மேற்படிப்பிலும் இவ்வாறே நேர்ந்தது. விவசாயப் பாடசாலைகளில் காலேஜ் வகுப்பும் நடத்தலாமென்று 1922-ல் அனுமதி கிடைத்தது. கோஹோமாவில் அது கைகூடியதோ 1949-ல், பி. எப். மக்லாரின் தலைமை வகித்த காலத்தில். முதலாண்டுச் செலவு முழுவதையும் கவுண்டியே ஏற்றது. மாநில மானியம் 1950 முதற்கொண்டே கிட்டிற்று. முதலிரண்டு ஆண்டுகள் காலேஜுக்கென்று தனி ஆசிரியரே இலர். பள்ளி உபாத்தியாயர்களே தம் வகுப்பு வேலையோடு காலேஜ் வகுப்புகளையும் நடத்தினர். நம்மைக் கேட்டால், அச்சாலையின் வரலாற்றில் முதற்கண் போற்றத்தக்கவர் அவர்களே. 1951-ல்தான் முழுநேர ஆசிரியர்கள் அமர்ந்தனர்.

பொதுப் பாடசாலைகளில் இனப்பிரிவினை கூடாதென்று தேசத்தின் தலைமை நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. கோஹோமா காலேஜின் வாயில் எவ்வினத்தார்க்கும் திறந்தது 1965-ல்.

பருத்திக்காட்டுப் பணியை இயந்திரங்கள் ஏற்ற பின்னர் விவசாயக் கல்வியின் இடமும் சுருங்கிற்று. பிற்காலத்தில் உயர்தரப் பள்ளியின் பெயரினின்றே விவசாயம் என்னும் சொல் நீங்கியது. பள்ளியில் இருக்கும்போதே காலேஜ் பாடங்களையும் பயிலும் ஏற்பாட்டைக் குறிப்பதாய், "ஏர்லி காலேஜ்" என்னும் சொல் அவ்விடத்தில் அமர்ந்தது.