சினியும் பீங்கானும்

சினி: மெருகிட்டுச் சுட்ட மட்கலத்தையும், சிறப்பாக மசூதிச் சுவர்களில் பதிக்கும் சித்திர ஓட்டையும் குறிக்கும் துருக்கிச் சொல். சீன தேசத்தது என்று பொருள்படும் 'சீனீ' என்னும் பாரசீகப் பதமே துருக்கியில் இவ்வுருக்கொண்டது. நம் நாட்டில் அதுவே 'சீனீ மிட்டீ' ஆயிற்று. அந்தமானின் தலைநகரில், லம்பா லைன் போன்ற குடியிருப்புகளில், பல மொழியினரும் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு கலந்து வாழ்வதால், இந்தப் பெயரோடு தமிழரின் 'பீங்கா'னும் மலையாளிகளின் 'பிஞ்ஞாண'மும் அண்டை வீடுகளில் வழங்குகின்றன.

பின்னிரண்டும் 'பிங்கான்' என்னும் வேறொரு பாரசீகச் சொல்லின் வழிவந்தவை. ஆதியில் அது மண்ணின் பெயரன்று, பாத்திரத்தின் பெயர். அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் கால அளவினால் பாசன நீரைப் பங்கிட்டுக்கொண்ட பாரசீக உழவர், அக்கிண்ணத்தையும் இப்பெயராலேயே அழைத்தனர். நம் முன்னோரின் நாழிகை வட்டிலுக்கு அதனை உடன்பிறப்பென்றே சொல்லலாம். பகர ஒலியில்லாத அரபியில் அது 'ஃபின்ஜான்' ஆகித் துருக்கியை அடைந்து, அங்கே காப்பிக் கிண்ணத்தின் பெயராக நிலைபெற்றது. கீழ்த்திசையிலோ சிங்களத்திலும் மலாயிலும் உண்கலத் தட்டைக் குறிக்கலாயிற்று.

தமிழகக் கரையில், இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனக் கல ஓடுகள் கிடைத்துள்ளன. சீனச் சரக்கு இறங்கிய துறைமுகங்களில் அரபு, பாரசீக வணிகரும் நடமாடினர் என்பதை நினைத்தால், சீனப் பொருள் பாரசீகப் பெயர் பூண்டு நம்மிடம் வழங்குவதில் வியப்பில்லை.

துருக்கியில் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. தோப்காப்பி அரண்மனையில் சுல்தான்கள் திரட்டிய பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனக் கலங்களில் நீலமும் வெண்மையுமாகப் பொலிந்த சித்திர வேலையைத் தமக்கு இலட்சியமாகக் கொண்ட இஸ்னிக் நகரத்து வினைஞர், 15ஆம் நூற்றாண்டு முதலாகப் படிகக்கல் பொடியோடு கண்ணாடித் தூளும் வெண்களிமண்ணும் குழைத்துத் தமக்கெனத் தனியொரு கலவை கண்டனர். அது மெய்யான பீங்கானன்று. எனினும் அழகில் சீனத்துக்கு இளைத்ததன்று என்பதே நம் அபிப்பிராயம். சுவரோட்டுக்கு 18ஆம் நூற்றாண்டுவரை, ஈரானியக் காஷான் நகரத்தின் பெயரால், 'காஷி' என்ற பெயரே பெருவழக்காயிருந்தது. 'சினி' அவ்விடத்தைப் பிடித்தது பின்னரே. இஸ்னிக்கின் உலைகள் 17ஆம் நூற்றாண்டில் நலிந்தபின் குதாஹ்யா நகரம் இத்தொழிலை ஏற்று இன்றளவும் நடத்திவருகிறது.

துருக்கியர் தேசத்தின் பெயரைப் பொருளுக்கு இட்டனர். தமிழரோ பாத்திரத்தின் பெயரையே மண்ணுக்கும் விரித்து, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெண்ணிறக் குமிழையும் பீங்கான் என்றே வழங்குகின்றனர்.