புத்தளக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம்: குடிபெயர்வும் மொழிமாற்றமும்

ஈழத்துக் கத்தோலிக்கத்தின் வரலாறு பெரும்பாலும் குருமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த முனிவர் எந்த ஆண்டில் எத்துறையில் இறங்கினார், எங்கெங்கு ஆலயம் எழுப்பினார் என்பனவே அதன் இயல்களாக அமைகின்றன. ஆயின் நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம், புத்தளம் வழியாகக் கற்பிட்டி வரை நீளும் கரையினை நோக்குமிடத்து, அங்கு சமயத்தைக் காத்து நின்ற அடிப்படை நிறுவனம் ஆலயமன்று, குடும்பமே என்பது புலனாகும். அக்குடும்பமோ ஓரிடத்தில் வேரூன்றியதன்று. முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து கடல் கடந்தும், மன்னாரிலிருந்து தெற்கு நோக்கியும், பருவக்காற்றுக்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும் பெயர்ந்த வண்ணமிருந்த உழைப்பாளர் குடும்பம் அது.

1658 இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்னும் கட்டளை அதே ஆண்டிற் பிறப்பிக்கப்பட்டது. 1687 இல் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை, ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் இக்கரையோர மக்களுக்குக் குரு எனச் சொல்லத்தக்கவர் எவருமிலர். இக்காலத்தை 'இருண்ட காலம்' எனக் கூறிக் கடந்துவிடுவது சமய வரலாற்றாசிரியர்களின் வழக்கம். எம்மைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான காலமாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் பாடசாலைத் தோம்பு வெறும் பதிவேடன்று. திருமுழுக்கும் திருமணமும் சீர்திருத்தச் சபையின் பாடசாலையிற் பதியப்பட்டாலன்றி மணம் சட்டபூர்வமாகாது. மணம் சட்டபூர்வமாகாவிடின் பிள்ளைகளின் சொத்துரிமை ஐயத்துக்கிடமாகும். எனவே கத்தோலிக்கக் குடும்பம் இரு வாழ்வு வாழ்ந்தது. தோம்பிலே சீர்திருத்தச் சபையினராகவும், இரவிலே செபமாலைக் குடும்பமாகவும் அது விளங்கிற்று. இதனைக் கோழைத்தனமெனக் கருதுதல் பொருந்தாது. வலையையும் வள்ளத்தையும் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் உரிமையைக் காத்துக்கொண்டே நம்பிக்கையையும் விடாதிருந்த உழைக்கும் மக்களின் நிதானமான எதிர்ப்பு முறை இது. இம்முறை தனியொருவரால் இயலக்கூடியதன்று. கணவனும் மனைவியும் மூத்தோரும் இளையோரும் ஒரே பொய்யை வெளியிலும் ஒரே உண்மையை வீட்டிலும் பேச வேண்டியிருந்தது!

புத்தளத்தின் புவியியல் இங்கு சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரை கற்பிட்டியிற் கோட்டை கட்டிக் கடனீரேரியின் வாயிலை அடைத்தனர். ஏரியின் உட்கரையிலிருந்த புத்தளமோ கண்டி அரசின் துறையாகவே நின்றது. உப்பும் பாக்கும் துணியும் கைமாறிய அவ்வெல்லைநிலத்தில் ஒல்லாந்தரின் சமயக் கட்டளை செல்லுபடியாகவில்லை. யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து இப்பகுதியிலே தங்கிப் பணியாற்றிய பின்னரே 1692 இல் கண்டி சென்றார். புகலிடத்தை உருவாக்கியது அருள் மட்டுமன்று. இரு அரசுகளுக்கிடையிலான வணிகப் போட்டியுமாகும்.

குருமார் ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலாமையின், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியும் சமயத்தை நடத்தினர். செபம் சொல்லுதல், பிள்ளைகளுக்கு ஞானபாடம் புகட்டுதல், இறந்தோரை அடக்கஞ்செய்தல் ஆகியன அவர்கள் கையிலிருந்தன. இவ்வமைப்புக்கு வேண்டிய நூல்களை ஆக்கியவர் 1705 இல் ஈழம் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742). தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே எழுதிய இவர் இறந்ததும் அடக்கஞ்செய்யப்பட்டதும் இன்றைய புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையிலாகும். இவருடையதாகக் கொள்ளப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திற் கூட்டமாக இருந்து ஓதப்பட்டது. குருவில்லாத சபைக்கென எழுந்த உரைநடை என்ற வகையில் இது இலக்கிய வரலாற்றில் தனியே ஆராயப்பட வேண்டியது. எமது உரைநடை வரலாறுகளோ நாவலரிடம் விரைந்து செல்லும் அவசரத்தில் இதனை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன.

1806 இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிற்று. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி அரச சேவையில் உயர்ந்து, 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதே மணற்கரையில் கரைவலை இழுத்தோரின் வரலாற்றை எழுத எவருமிலர். ஒரே ஊரின் கிறித்தவர்களிடையே வர்க்கம் இட்ட கோடு இது.

உழைப்போரின் நிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடலில் தொழில் இயலாது. ஆகவே நீர்கொழும்பு, சிலாபக் கரைக் குடும்பங்கள் ஒரு பருவத்தில் கிழக்குக் கரைக்கும், மறு பருவத்தில் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் அதன் தீவுகளுக்கும் பெயர்ந்தன. கிடுகால் வேய்ந்த வாடியே வீடு. ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் மீனைக் கீறி, உப்பிட்டு, கருவாடாக்கினர். வலைக்குரிய சம்மாட்டிக்குப் பங்கு போக எஞ்சியதே தொழிலாளர்க்கு. முற்பணம் பெற்றவர் அடுத்த பருவத்திலும் அவருக்கே கட்டுப்பட்டவர். வாடியில் இடப்பட்ட சிறு சிலுவையும் மாலைச் செபமும் இச்சுரண்டலை மறைத்தனவா, அன்றித் தாங்கும் வலுவைக் கொடுத்தனவா என வினவுவோருளர். இரண்டும் நிகழ்ந்தன என்பதே எமது கருத்து.

ஒல்லாந்தர் கட்டளையாற் பறிக்கவியலாத ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் பாடசாலை பறித்தது. இக்கரையோரத்துக் கத்தோலிக்கருட் பெருந்தொகையினர் தமிழ் பேசியவர், செபமும் தமிழிலேயே. 1939 இல் சிலாப மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. 1940 முதல் 1972 வரை ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸ் காலத்திற் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறியமையோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. ஆயினும் ஒரு ஆயரின் விருப்பத்தால் மட்டும் ஒரு சமூகம் மொழி மாறிவிடாது. அரச தொழில், சந்தை, மீன் கொள்வனவு, 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் ஆகியன யாவும் ஒரே திசையில் தள்ளின. பாட்டி தமிழிற் செபிக்கப் பேரன் சிங்களத்தில் மறுமொழி சொன்னான். நீர்கொழும்புக் கரையில் இன்றும் சில குடும்பங்களில் தமிழ் வீட்டு மொழியாக எஞ்சியுள்ளது. இதனை 'இழப்பு' எனப் புலம்புவோரும், 'மீட்சி' எனக் கொண்டாடுவோரும் இனவாதத்தின் இரு முகங்களையே காட்டுகின்றனர். தம் பிள்ளை பிழைக்கும் வழி தேடிய பெற்றோரின் கணக்கினை இருசாராரும் காண்பதில்லை.

மொழி மாறினும் அழியாது நின்றவை உள. தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து இக்கரையோரத்தில் சிங்கள நாடகமெனும் வடிவத்துக்கு ஊற்றாயிற்று. அவ்வடிவத்திலிருந்தே சரச்சந்திர 1956 இல் 'மனமே'யை ஆக்கினார். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு அது!

1984 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையின் கொக்கிளாய், நாயாறு ஆகிய இடங்களில் மேற்குக் கரையிலிருந்து வந்து தங்கியிருந்த சிங்கள மீனவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். அம்மாதமே அப்பகுதித் தமிழ்க் கிராமங்கள் இராணுவத்தாற் காலிசெய்யப்பட்டன. தலைமுறைகளாகப் பருவந்தோறும் வாடியிட்ட குடும்பங்கள் சிங்களக் குடியேற்றத்தின் முன்னணியாகவும், அவர்களுக்கு இடங்கொடுத்த ஊரவர் பகைவராகவும் ஒரு சில ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டனர்.

கிழக்கு மூடப்பட்டமை கற்பிட்டியின் நெருக்கத்தை மிகுவித்தது. அதே குடாநாட்டிலே தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு ஆகஸ்ட் மாதந்தோறும் குடும்பங்கள் சட்டிபானையோடு வந்து, நாட்கணக்காகத் தங்கிச் சமைத்துண்டு செபிக்கின்றன. பூசை இரு மொழியிலும் நடைபெறுகின்றது.