ஆழ உணர்வில் நிறமும் ஒளிர்வும்

ஒரு பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அறிய மூளை பல தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது. இரு கண்களிலும் விழும் பிம்பங்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு அவற்றுள் முக்கியமானது. நிறமும் ஒளிர்வும் அந்தக் கணக்கையே மாற்றிவிடக்கூடியவை.

கறுப்புத் திரையில் ஒரு சிவப்பு எழுத்தையும் ஒரு நீல எழுத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்குச் சிவப்பு முன்னே மிதக்கும், நீலம் உள்ளே அமிழும். சிலருக்கு இது தலைகீழாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் பலருக்கு இந்த வரிசை மாறுவதும் உண்டு. ஒரு கண்ணை மூடினால் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடும். காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. நீல ஒளி சிவப்பைவிடக் கூடுதலாக வளைகிறது. கண்ணின் ஒளியியல் அச்சும் நாம் நோக்கும் அச்சும் ஒன்றல்ல. அதனால் இரு நிறங்களும் விழித்திரையில் சற்றே விலகி விழுகின்றன. அந்த விலகல் இரு கண்களிலும் எதிரெதிர்த் திசையில் அமைவதால், மூளை அதைத் தொலைவாகவே எடுத்துக்கொள்கிறது. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1885இல் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான்.

ஒளிர்வின் வேலை இன்னும் வியப்பானது. நூலில் ஒரு நட்டைக் கட்டி, இடமும் வலமுமாக நேர்க்கோட்டில் ஆடவிட்டு, ஒரு கண்ணை மட்டும் கூலிங் கிளாஸால் மறைத்து இரு கண்களாலும் பாருங்கள். நட்டு நீள்வட்டமாகச் சுற்றிவருவதுபோல் தோன்றும். மங்கலான பிம்பத்தின் செய்தி மூளைக்குச் சில மில்லி விநாடிகள் தாமதமாகப் போய்ச் சேர்வதால், இரு கண்களும் நட்டை வெவ்வேறு இடத்தில் காட்டுவதே காரணம். இதை 1922இல் விளக்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃபிரிக்குக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தம் பெயரால் அழைக்கப்படும் இந்தத் தோற்றத்தை அவரால் காண முடியவில்லை.

தொலைதூர மலைகள் வெளிறி நீலமாகத் தெரிவது காற்று ஒளியைச் சிதறடிப்பதால்; அந்த வெளிறலையும் மூளை தொலைவின் தடயமாகக் கொள்கிறது. அதனால்தான் மழை ஓய்ந்து காற்று தெளிந்த காலையில் அதே மலை பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

நிறம் வேறாக இருந்தும் ஒளிர்வு சமமாக இருந்தால் விளிம்புகள் நிலைகொள்ளாது, ஆழமும் மங்கும். மாடிப்படி அமைப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அரை இருட்டில் நிறம் எடுபடாது. கண்புரை உள்ளவர்களுக்கு விளிம்பு ஏற்கெனவே மங்கல். செங்காவிப் படியின் ஓரத்தில் அதே அளவு ஒளிரும் பச்சைக் கோடு போட்டால், இறங்கும் முதியவருக்குப் படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அங்கே தேவை வெளிர் மஞ்சளோ வெள்ளையோ. கைபேசியில் படியைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால், கோடு தனித்து நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.