ஙகர ஒலியும் ஆங்கில வகுப்பும்

கிள்ளான், பினாங்கு என்னும் இரண்டு ஊர்ப்பெயர்களும் மலாய் மொழியில் ஒரே ஒலியில் முடிகின்றன. நாவின் அடி மேலண்ணத்தைப் பொருந்த, மூச்சு மூக்கின் வழியே செல்லப் பிறக்கும் ஙகர மெய்யே அவ்வொலி. தமிழர் அதனை ஓரிடத்தில் னகரமாக்கினர். மற்றோரிடத்தில் குகரம் சேர்த்து முடித்தனர். காரணம் காதின் பழுதன்று, சொல்லின் மரபு. ஈறாக வரும் மெய்களை வகுத்த தொல்காப்பியர், மெல்லெழுத்து ஆறனுள் ஙகரம் ஒன்றையே விலக்கினார்.

மற்றொரு மரபும் உண்டு. மெல்லெழுத்தை அடுத்து நிற்கும் இன வல்லெழுத்து தன் வன்மை குறைந்து, குரல்நாண் அதிர ஒலிக்கும். தங்கம், பந்து, பாம்பு என்பவற்றைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை விரித்துரைத்தார். ஆங்கிலச் சொற்கள் பம்பு, லாம்பு, டெண்டு எனத் தமிழில் புகுந்தபோது இவ்விதிக்கே அடங்கி ஒலித்தன.

இவ்விரு மரபுகளோடுதான் தோட்டத்துப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றனர். 1960களில் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்றவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தே முதற்படிவம் சேர்ந்தனர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. ஆயினும் ஆங்கிலம் பாடமாக நிலைத்தது. பாடகனைக் குறிக்கும் ‘சிங்ஙர்’ என்ற சொல்லை, விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ போலவே ககரம் சேர்த்து ஒலிப்பது தமிழ் மாணவர் இயல்பு. இதனை நாத்தடிப்பு என்று நகைப்பது எளிது; உண்மையோ வேறு.

ஆங்கிலேயரும் ஒருகாலத்தில் அவ்வாறே ஒலித்தனர். தென்னிங்கிலாந்தில் ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டளவில்தான் அக்ககர ஒலி சொல்லீற்றில் மறைந்தது. லிவர்பூல், பர்மிங்காம் வட்டாரங்களில் அது இன்றும் கேட்கிறது. மலாயா ஆசிரியர்களைப் பயிற்றுவித்து 1962இல் மூடப்பட்ட கெர்பி கல்லூரி அமைந்திருந்ததும் லிவர்பூலை அடுத்தே. ஆகவே தமிழ் மாணவனின் ஒலிப்பு ஆங்கிலத்துக்கு முற்றிலும் அயலானதன்று.

எனினும் தேர்வுக்கும் தொழிலுக்கும் பொது ஒலிப்பு வேண்டும். அதற்கான வழி தமிழிலேயே உள்ளது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் ஙகரம் வருமிடம் கூறும்போது அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் போன்ற சொற்களுக்கு இடம் வகுத்தார். இவற்றில் ககரத்தின் சாயலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் தமிழரோடு வாழ்ந்த மலையாளிகள் ‘ஞங்ஙள்’ என்று தம்மைக் கூறும்போதும் இவ்வொலியே கேட்கும்.

மலாய்மொழியும் துணைநிற்கிறது. ‘தங்ஙான்’ என்றால் கை. ‘தங்கா’ என்றால் படிக்கட்டு. இவ்வேறுபாட்டைச் சந்தையிலும் பள்ளியிலும் நாள்தோறும் கேட்கும் மாணவனுக்குச் சிங்ஙர், ஃபிங்கர் வேறுபாடு புதிதாகாது. ‘லம்ப்பு’ என்னும் மலாய்ச்சொல் மகரத்தின்பின் பகர வன்மையைக் காத்து நிற்றலால், விளக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே படியாகும். ஓராங், பீசாங் என்பவை ஙகர ஈற்றைப் பழக்குவன.

எனவே வகுப்பில் முதலில் ‘எங்ஙனம்’ என ஒலிக்கச் செய்து, ஙகரத்தில் நிறுத்தி, மூக்கில் விரல் வைத்து அதிர்வை உணர்த்துக. அடுத்து ஓராங் போன்ற மலாய்ச்சொற்களைச் சொல்லச் செய்க. அதன்பின்னரே கிங், சாங், சிங்ஙர் என ஆங்கிலத்துக்குச் செல்க. தாய்மொழி தடையெனக் கேட்டு வளர்ந்த மாணவன் வாய்திறக்கவே அஞ்சுவான். அதிலேயே சாவி உண்டெனக் கண்டவன் துணிந்து பேசுவான்.

மரபும் அசையாது நிற்பதன்று. கிள்ளான் என்று எழுதிய தமிழரே இன்று காஜாங், கெப்போங் என ஙகர ஈற்றோடு நாளிதழ்களில் அச்சிடுகின்றனர். எழுத்தில் ஏற்றுக்கொண்ட ஒலியை நாவில் ஏற்றுவது ஆசிரியர் கடன்.