தீவகத்தாரும் அடைபட்ட கதவுகளும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வீதியில் பூட்டிய வீடுகள் பல உண்டு. சிலவற்றின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. ஆயினும் அருகிலுள்ள கோயிலின் கோபுரம் புதிய வர்ணத்தோடு நிற்கிறது. ஆள் இல்லாத ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கான விடையே தீவகத்தின் கடந்த நாற்பதாண்டு வரலாறு.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் நன்னீர் அரிது, விளைநிலமும் குறைவு. ஆகவே பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது இங்கு பழைய வழக்கம். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர். குடா நாட்டில் 'மலாயன் பென்சனியர்' என்றொரு வகுப்பே உருவானது. தீவகத்தார் பலரோ கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். பிரித்தானியரின் ஆட்சிக்குத் தமிழ் எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். ஆகவே மலாயாவின் கதவு திறந்திருந்தது. தேவை முடிந்த பின்னர் கதவும் ஒடுங்கியது. 1950களில் மலாயாவின் குடிவரவுச் சட்டம் புதியவர்களின் வருகையை மட்டுப்படுத்தியது.

தென்னிலங்கைக் கடைகளை 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்கள் அடுத்தடுத்துத் தாக்கின. எரிந்த கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு ஊரிலும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்ததாக உயிர் தப்பியோர் கூறினர். அதே மே மாதத்தில்தான் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்கு அது அவ்வாறு செய்தது அதுவே முதல் தடவை. 1987இல் உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு 1000 பவுண் தண்டம் என்ற சட்டமும் வந்தது. உயிருக்கு அஞ்சி ஓடுபவனுக்கு விசா கொடுக்கும் தூதரகம் அரிது என்பதைச் சட்டம் வரைந்தோர் அறியாதவர்கள் அல்லர்.

வழி அடைபட்டதால் பயணம் நின்றுவிடவில்லை. அதன் விலைதான் ஏறியது. தோட்டக் காணியும் தாலிக்கொடியும் ஏஜென்சிக்காரரின் கைக்குப் போயின. கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழையும் வழி 1986 ஒக்ரோபரில் அடைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டனர். அவர்களைக் கனடிய மீனவர்கள் காப்பாற்றினர். தஞ்சம் கோரியோர் வேலை செய்ய மேற்கு ஜேர்மனி நீண்ட தடை விதித்திருந்தது. 1987இல் அத்தடை ஐந்தாண்டுகளாக நீண்டது. ஊரிலோ வட்டி ஏறிக்கொண்டிருந்தது. உழைக்கத் தெரிந்தவனை உழைக்காதே என்று முகாமில் இருத்திவிட்டு, அரசின் சோற்றை உண்கிறான் என்று அவனையே ஏசிய காலம் அது.

வேலைக்கு அனுமதி கிடைத்த இடங்களில் நடந்தது வேறு. சுவிற்சர்லாந்தின் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கிய தமிழர் பலர் பின்னர் சமையற்காரராயினர். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அனுமதியோடுதான் அவர்கள் அந்நாட்டுச் சமையலறைகளைத் தாங்கினர். 1992 முடிவதற்குள் வந்து காத்திருந்தோருக்கு 2000ஆம் ஆண்டிலேயே அந்நாடு தங்கும் உரிமையை உறுதிசெய்தது. பாரிசின் லா சப்பல் பகுதியிலும் ரொறன்ரோவிலும் தமிழர் கடைத்தெருக்களை உருவாக்கி வாடகையும் வரியும் செலுத்தினர். தென்னிலங்கையில் எரிந்துபோன கடைத்தொழில் அங்கே மீண்டும் முளைத்தது என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் அனுப்பிய பணம் 1990, 1991 ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் இடம்பெயர்ந்த உறவுகளைக் காத்தது, தங்கைகளுக்குச் சீதனமானது, பின்னர் பாடசாலைக் கட்டடமும் கோயில் திருப்பணியும் ஆனது. இதற்குக் கொடுத்த விலை எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. வழக்கு முடியாதவன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர இயலாது. தாயின் கொள்ளியைத் தொலைபேசி வழியே கேட்டு அழுத மகன்மார் தீவகத்தில் ஒரு வீட்டுக்கோ இரு வீட்டுக்கோ உரியவர்கள் அல்லர்.

போர் முடிந்த பின்னும் கதவுகள் இறுகின. 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, அவர்கள் தடுப்பில் வைக்கப்பட்டனர். 1986இல் வந்த 155 பேருக்குத் தங்கி வேலை செய்ய அனுமதி அளித்த நாடுதான் அது. 2012இல் அவ்வாறு கூட்டமாக வருவோருக்குக் கட்டாயத் தடுப்பும், நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்தாண்டுத் தடையும் சட்டமாயின.

இன்று அந்நாடுகளில் கடை வைத்திருக்கும், வரி செலுத்தும், பிள்ளைகளை மருத்துவராக்கிய நம்மவர் சிலரே, புதிதாகப் படகில் வரும் வேற்று நாட்டவரைப் பற்றிக் கடிந்து பேசுவதைக் கேட்கிறோம். அவர்கள் ஒருமுறை குறிகட்டுவானுக்கு வந்து, பூட்டிய வீடுகளைக் கடந்து, நயினாதீவுக்குப் படகேற வேண்டும். அந்தக் கடலில் இறங்கிப் போனவர்களும் அன்று முறையான ஆவணம் ஏதும் வைத்திருக்கவில்லை.