ஹைகோர்ட்டுக்குக் கீழே ஒரு ஊர்: சென்னையில் ஒரு நாள்

அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு: "ப்ரோ, சென்னையில ஒரே ஒரு நாள்தான் இருக்கேன், எங்க போகலாம்?" மெரினா, மயிலாப்பூர், தி.நகர்னு லிஸ்ட் போடறது ஈஸி. நான் சொல்லப் போறது கோட்டையில ஆரம்பிச்சு பூக்கடையில முடியற ஒரு நடை. தூரம் கம்மிதான், ஆனா இதுக்குள்ள ஒரு ஊரே காணாமப் போன கதை இருக்கு.

காலையில கோட்டை ஸ்டேஷன்ல இறங்குங்க. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள, 1680-ல திறந்த செயின்ட் மேரி தேவாலயம் இருக்கு. அதோட முற்றத்துல தரை முழுக்க கல்லறைக் கற்கள். ஆனா அந்தக் கற்களுக்குச் சொந்தமானவங்க அங்க இல்ல. அவங்களைப் புதைச்சது கோட்டைக்கு வெளிய, இன்னைக்கு பழைய சட்டக் கல்லூரி இருக்கிற இடத்துல. அப்ப கல்லு மட்டும் ஏன் இங்க வந்துச்சு?

1639-ல கிழக்கிந்திய கம்பெனிக்கு இந்த இடம் கிடைச்சதும், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு ஊர் வளர்ந்தது. நெசவாளர்கள், துணி வியாபாரிகள், துபாஷிகள் எல்லாம் இருந்த ஊர். வெள்ளைக்காரங்க அதுக்கு வெச்ச பேர் 'பிளாக் டவுன்', கறுப்பர் நகரம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கதான் இருந்தது.

1746-ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சாங்க. கோட்டைச் சுவர் பக்கத்துல வீடுகள் இருந்தா எதிரி அதுல மறைஞ்சு சுடலாம், அதனால ஒட்டியிருந்த வீடுகளை இடிச்சாங்க. 1749-ல ஊர் திரும்பவும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவங்களுக்கும் அதே பயம். மிச்சத்தை அவங்க இடிச்சாங்க, கோயிலும் போச்சு. 1758 டிசம்பர்ல லாலி படையோட வந்து முற்றுகை போட்டப்ப, பிரெஞ்சு வீரர்கள் கல்லறை மேடைகளுக்குப் பின்னாடி பதுங்கினாங்க. முற்றுகை முடிஞ்சதும் கல்லறைகளையும் எடுத்துட்டாங்க. கற்கள் தேவாலயத்துக்கு வந்த கதை இதுதான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த ஆளுநர் எலிஹு யேலோட மகன் டேவிட் புதைக்கப்பட்ட கல்லறையை இடிக்காம விட்டு வெச்சாங்க.

மதியம் அப்படியே ஹைகோர்ட் பக்கம் நடங்க. 1892-ல எழும்பின அந்தச் சிவப்புக் கட்டடத்தை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீங்க ஒரு நிமிஷம் தரையைப் பாருங்க. கோயிலும் தெருக்களும் இருந்தது இங்கதான். அடுத்து ரோட்டைத் தாண்டி பாரிமுனை. டேர் ஹவுஸ் ஓரத்துல ஒரு கல் தூண் நிக்குது. 1773-ல நட்ட ஆறு எல்லைத் தூண்கள்ல மிஞ்சினது இது ஒண்ணுதான். அதுக்கு அர்த்தம் ரொம்ப சிம்பிள்: இந்தத் தூணுக்கும் கோட்டைக்கும் நடுவுல யாரும் வீடு கட்டக் கூடாது.

இடிபட்ட சனங்க தூணுக்கு வடக்க, முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் போனாங்க. அந்தப் பகுதிக்கும் பிளாக் டவுன்னு பழைய பேரே ஒட்டிக்கிச்சு. ஐந்தாம் ஜார்ஜ் பேர்ல அது ஜார்ஜ் டவுன் ஆனது இருபதாம் நூற்றாண்டுலதான்.

சாயங்காலம் பூக்கடைக்கு வாங்க. மல்லிப்பூ வாசத்துக்கு நடுவுல, தேவராஜ முதலி தெருவுல சென்னகேசவப் பெருமாளும், பக்கத்துலயே சென்னமல்லீஸ்வரரும். இடிச்ச கோயிலுக்குப் பதிலா 1760-கள்ல மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்ன நின்னு எழுப்பின இரட்டைக் கோயில் இது. அவர் ஆளுநர் பிகாட்டோட துபாஷி.

காலையில பார்த்த கல் ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர் இருந்தது, ஞாபகம் இருக்கா? செத்தவங்க பேரை கோட்டைக்குள்ள பத்திரப்படுத்தி வெச்சாங்க. உயிரோட இருந்து வீட்டை இழந்தவங்களுக்கு அந்த இடத்துல ஒரு பலகைகூட இல்ல. இருந்தாலும் அவங்க சாமியைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க. நாம அவங்க பேரைச் சொல்ல முடியாது, ஆனா அவங்க நடந்த வழியில ஒரு நாள் நடக்கலாம்.

பூ வாங்க மறந்துடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!